காப்பிக்கடை ஆற்றுப்படை

உரைநடை உலகம்

நுழையும்முன்

பயணம் சென்று திரும்பியவர்கள் கோயில்களையும் அருவிகளையும் பற்றிச் சொல்வதற்கு முன்பே, வழியில் கிடைத்த ஒரு நல்ல காப்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவதுண்டு. அறிமுகமில்லாத ஊரில் ஒரு குவளைச் சூடான பானமும் அமர ஓர் இருக்கையும் கிடைப்பது சிறு செய்தியன்று. அந்த இருக்கையில் எல்லாரும் ஒன்றாக அமரும் நிலை எளிதாக வந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் நெடிய போராட்டமும் சட்டமும் உழைப்பும் உள்ளன. வடசென்னையின் விம்கோ நகரிலிருந்து தொடங்கி, காப்பிக்கடைகளின் வழியே அந்த வரலாற்றை அறிய முயல்கிறது இப்பாடம்.

வழிகாட்டும் மரபு

தமிழர் பயண இலக்கியத்தின் தொடக்கம் ஆற்றுப்படை நூல்களில் உள்ளது. ‘ஆறு’ என்பதற்கு வழி என்பது பொருள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு கலைஞரிடம், ‘இன்ன வழியில் செல்க, இன்னாரைக் காண்க’ என்று நெறிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின.

இந்நூல்கள் வள்ளலின் பெருமையை மட்டும் பேசுவதில்லை. வழியில் எந்த ஊரில் எவர் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் விரிவாகச் சொல்கின்றன. நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைக் காட்டுகிறது. நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும். வேலூரில் புளிச்சுவையுடைய சூடான சோறு கிடைக்கும். மருத நிலத்து ஆமூரில் உழத்தி வெண்சோற்றுடன் நண்டுக் கலவையைத் தருவாள் என்று அந்நூல் வழிநெடுக உணவை அடையாளம் காட்டுகிறது. நிலம் மாற உணவு மாறுகிறது. உணவைச் சொல்லும்போதே அந்நிலத்து மக்களும் அறிமுகமாகிவிடுகின்றனர்.

‘அந்த ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடை, அங்கே காப்பி குடிக்காமல் வராதே’ என்று இன்று ஒருவர் மற்றவரிடம் சொல்வதும் ஆற்றுப்படையே. தான் பெற்ற நலத்தைப் பிறரும் பெறட்டும் என்னும் மனமே இரண்டிற்கும் அடிப்படை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பண்டைய பயணி உணவு பெற்றது வீட்டில். அங்கு அவர் விருந்தினர். இன்றைய பயணி அமர்வது கடையில். இங்கு அவர் விலை கொடுப்பவர். விருந்தினரை ஏற்பது வீட்டாரின் அன்பைப் பொறுத்தது. கடையில் அமர்வது ஒருவரின் உரிமை. இந்த உரிமை எப்படி உருவானது என்பதே நாம் காண வேண்டியது.

தீப்பெட்டி தந்த பெயர்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் இருப்புப்பாதையில், திருவொற்றியூருக்கும் கத்திவாக்கத்துக்கும் இடையே உள்ளது விம்கோ நகர். ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவை கோயிலையோ குளத்தையோ மரத்தையோ ஒட்டி அமைவன. இவ்வூரின் பெயரோ ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. மேற்கிந்தியத் தீப்பெட்டி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளின் சேர்க்கையே ‘விம்கோ’. வீடுதோறும் அடுப்பை மூட்டிய தீக்குச்சி, ஓர் ஊருக்குப் பெயரும் தந்துவிட்டது.

இப்பகுதி முழுவதுமே உழைப்பால் உருவானது. எண்ணூரில் கனரக ஊர்திகள், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களும் சக்கர உறைகளும், காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம், தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே 2001ஆம் ஆண்டு முதல் இயங்கும் எண்ணூர்க் காமராசர் துறைமுகம் எனப் பல தொழில்கள் கடற்கரையை ஒட்டி வரிசையாக அமைந்தன. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ தொடர்வண்டி நீட்டிக்கப்பட்டது. விமான நிலையத்தில் ஏறுபவர் இன்று நகரின் குறுக்கே பயணம் செய்து இவ்வூரில் இறங்க இயலும்.

இங்கு இறங்கும் பயணிக்கு முதலில் கண்ணில் படுவது தேநீர்க்கடை. பாய்லரின் நீராவி, கண்ணாடிக் குவளைகள், பிஸ்கட் அடைத்த கண்ணாடிப் புட்டிகள், சூடான வடைத்தட்டு, வெளியே ஒரு நீண்ட மரப்பலகை ஆகிய ஐந்தும் இருந்தால் கடை முழுமை பெற்றுவிடும். தொழிற்சாலைகளில் பணிமுறை மாறும் வேளைகளில் அப்பலகையில் இடம் கிடைப்பது அரிது. இரவுப் பணி முடித்தவரும் காலைப் பணிக்குச் செல்பவரும் ஒரே பலகையில் அமர்கின்றனர். துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டகம் ஏற்றிவந்த லாரி ஓட்டுநர், தெலுங்கிலோ இந்தியிலோ தேநீர் கேட்கிறார், கடைக்காரர் தமிழில் விடை சொல்கிறார், இருவருக்கும் புரிந்துவிடுகிறது. நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவரும் அன்றைய செய்தியை அறிந்துகொள்வது தமிழகத் தேநீர்க்கடைகளின் நெடுநாள் வழக்கம்.

இப்பலகையில் அமர்பவரிடம் எவரும் ஊரையோ சாதியையோ கேட்பதில்லை. இது இயல்பானதாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால், இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்பு இது இயல்பாக இருக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

காப்பி என்னும் பிறமொழிச் சொல் தமிழில் பல வடிவங்களில் வழங்குகிறது. தமிழகத்தில் காப்பி, காபி எனவும், ஈழத்திலும் மலேசியாவிலும் கோப்பி எனவும் சொல்வர். காப்பிக்கொட்டை பிளவுபட்ட குளம்பு போன்ற தோற்றம் உடையது என்பதால் ‘குளம்பி’ என்றொரு தமிழ்ச் சொல்லும் ஆக்கப்பட்டது. எனினும் மக்கள் நாவில் காப்பியே நிலைத்தது. தேநீர் என்னும் சொல்லாக்கமோ எழுத்துவழக்கில் முழுமையாக வேரூன்றிவிட்டது. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் அது ‘தேத்தண்ணி’ ஆகும்.

கடல் கடந்து வந்த கொட்டை

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அங்கிருந்து செங்கடலைக் கடந்து ஏமன் நாட்டுக்குச் சென்ற காப்பி, மோக்கா துறைமுகத்தின் வழியே உலகெங்கும் பரவியது. 17ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்னும் சூஃபி அடியவர், மெக்கா சென்று திரும்பும்போது ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து கர்நாடகத்தின் சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. நம் நாட்டில் காப்பியின் வரலாறு ஒரு பயணியின் கைப்பிடி விதையில் தொடங்குவதாக மக்கள் நினைவில் பதிந்திருப்பது கருதத்தக்கது.

பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் ஏற்காடு, நீலகிரி, பழனிமலைச் சரிவுகள் முதலிய இடங்களில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. இலங்கையிலும் 19ஆம் நூற்றாண்டில் காப்பியே முதன்மைத் தோட்டப்பயிராக இருந்தது. அங்கு வேலை செய்யத் தமிழகத்திலிருந்து சென்ற கூலித் தொழிலாளர்கள், கடலைக் கடந்து மன்னார்ப் பகுதியில் இறங்கி, காட்டு வழியே பல நாள் நடந்து மலைநாட்டை அடைந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869ஆம் ஆண்டு இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்தது. அதன் பின்னரே தேயிலை அங்குப் பெரும்பயிரானது. பயிர் மாறியது, கொய்யும் கைகள் மாறவில்லை. நாம் அருந்தும் குவளையின் சூட்டுக்குப் பின்னால் இம்மக்களின் குளிர்ந்த விடியல்கள் உள்ளன.

தமிழகத்து நகரங்களில் காப்பி குடிக்கும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வேகமாகப் பரவியது. காலையில் நீராகாரம் அருந்திவந்த வீடுகளில் காப்பி இடம் பிடித்தது. ‘இது உடலைக் கெடுக்கும், பண்பாட்டைக் கெடுக்கும்’ என்று பெரியவர்கள் எச்சரித்தனர். ஆயினும் வடிகட்டியில் இறங்கும் கறுப்புச் சாறு வென்றது. காப்பி நடுத்தர வகுப்பினரின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளரின் அடையாளமாகவும் நிலைபெற்றன. தேயிலை வணிகர் அமைப்புகள் தொழிற்சாலைகளிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் தேநீரை முனைந்து பரப்பியதும் இதற்கு ஒரு காரணம். வடசென்னையில் காப்பிக்கடையைவிடத் தேநீர்க்கடை மிகுதியாக இருப்பதன் பின்னணி இதுவே.

தெரியுமா?

வடிகட்டிக் காப்பிக்கு இரண்டு அடுக்குள்ள பித்தளை அல்லது எவர்சில்வர் வடிகட்டி வேண்டும். மேல்தட்டில் நுண்துளைகள் இருக்கும். அதில் காப்பித்தூளை இட்டு, மெல்ல அழுத்திக் கொதிநீரை ஊற்றினால், சாறு துளித்துளியாகக் கீழ்த்தட்டில் இறங்கும். இதுவே ‘டிகாக்‌ஷன்’. சாறு திடமாக வருவதற்குச் சிக்கரி என்னும் செடியின் வேரை வறுத்துப் பொடித்துச் சேர்ப்பர். ‘டிகிரி காப்பி’ என்னும் பெயருக்குப் பாலின் தரத்தைப் பால்மானியால் அளந்த வழக்கம் காரணம் என்பர். முதல் வடிசாறே முதல் தரம் என்பதால் அப்பெயர் வந்தது என்பாரும் உளர். தவராவிலும் தம்ளரிலும் மாற்றி மாற்றி ஊற்றுவதை ‘ஆற்றுதல்’ என்கிறோம். சூட்டைத் தணிப்பதற்கும் துயரைத் தணிப்பதற்கும் தமிழில் ஒரே சொல்.

தொடர்வண்டியும் பிரிந்த பந்தியும்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. விம்கோ நகரிலிருந்து தெற்கே சில நிறுத்தங்கள் தொலைவிலுள்ள இராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிலைத்திருக்கிறது. பல சாதியினரும் ஒரே பெட்டியில் தோளோடு தோள் உரச அமர்ந்து செல்லும் புதிய நிலையைத் தொடர்வண்டி உருவாக்கியது. பயணச்சீட்டுக்கு விலை கொடுத்தவர் எவராயினும் அமரலாம் என்பது அன்றைய சமூகத்தில் பெரும் மாற்றம்.

ஆனால், வண்டியை விட்டு இறங்கி உண்ணச் சென்றபோது அந்தச் சமநிலை மறைந்தது. தொடர்வண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ எனத் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. நகரத்துக் காப்பி ஓட்டல்கள் பலவற்றிலும் இதே நிலை. தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ பல கடைகளில் நுழையவும் இடமில்லை. ஒரே வண்டியில், ஒரே கட்டணத்தில் வந்தவர்கள் ஒரே காப்பியைக் குடிப்பதற்கு வெவ்வேறு அறைகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது.

சுயமரியாதை இயக்கத்தினர் இதனைத் தொடர்ந்து எதிர்த்தனர். 1941ஆம் ஆண்டு தொடர்வண்டி நிலைய உணவுச் சாலைகளில் இப்பிரிவினை நீக்கப்பட்டது. எனினும் தனியார் உணவகங்களின் பெயர்ப்பலகைகளில் சாதிப்பெயர் தொடர்ந்தது. 1957ஆம் ஆண்டு தந்தை பெரியார், சென்னைத் திருவல்லிக்கேணியில் உணவகம் ஒன்றின் முன்பு மறியல் போராட்டத்தைத் தொடங்கினார். பல மாதங்கள் நீடித்த அப்போராட்டத்தில் தொண்டர்கள் நாள்தோறும் கைதாயினர். முடிவில் பெயர்ப்பலகையிலிருந்து அச்சொல் நீக்கப்பட்டது. ஒரு காப்பிக்கடைப் பலகையிலிருந்த ஒரு சொல்லுக்காகப் பலர் சிறை சென்றனர் என்பதை இன்று பலகையில் அமரும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டம் பேசும் குவளை

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் கூறு, கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் நுழைவதற்குச் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் எந்தக் குடிமகனையும் தடுக்கலாகாது என்கிறது. 17ஆம் கூறு தீண்டாமையை ஒழித்தது. நாட்டின் உயர்ந்த சட்டமே உணவகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்றால், அவ்விடத்தில் நிகழ்ந்த இழிவு எத்தகையது என்பது விளங்கும்.

1955ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றச் சட்டம், பின்னர் 1976ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பொது உணவகத்தில் மக்களின் பயன்பாட்டுக்கென வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தீண்டாமையின் பெயரால் தடுப்பதும் குற்றம் என்று அச்சட்டம் தெளிவாகக் கூறுகிறது. சிற்றூர்த் தேநீர்க்கடைகளில் ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளையும் மற்றொரு சாராருக்குத் தனிக் குவளையும் வைத்த ‘இரட்டைக் குவளை’ முறையை எதிர்த்தவர்களுக்கு இச்சட்டம் துணை நின்றது.

சட்டம் வந்த பின்னும் வழக்கம் உடனே மறைவதில்லை. சில ஊர்களில் இரட்டைக் குவளை, வேற்றுருக்கொண்டு காகிதக் குவளையாக வந்தது. ஒருவருக்குக் கண்ணாடிக் குவளையும் மற்றவருக்குத் தூக்கியெறியும் குவளையும் கொடுத்தால் அதுவும் வேற்றுமையே. ஆதலால், ஒரு கடையின் காப்பியைச் சுவைக்கும் பயணி, அங்கு எல்லாருக்கும் ஒரே குவளையா என்பதையும் காண வேண்டும்.

உழைப்பவரே உரிமையாளர்

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் பயணிகள் மறவாமல் நினைவுகூரும் காப்பிக்கடைகளுள் இந்தியன் காபி ஹவுஸ் குறிப்பிடத்தக்கது. இந்தியக் காப்பியைப் பரப்புவதற்காக 1936ஆம் ஆண்டு மும்பையில் முதற்கடை திறக்கப்பட்டது. பின்னர்ப் பல நகரங்களுக்கும் அது பரவியது. 1950களில் காப்பி வாரியம் இக்கடைகளை மூட முடிவு செய்தது. பணியாளர் பலர் வேலை இழந்தனர்.

அப்போது பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலனின் வழிகாட்டுதலில், வேலையிழந்த தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துத் தாமே கடைகளை நடத்த முன்வந்தனர். 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் முதற்சங்கம் தொடங்கப்பட்டது. தொடர்ந்து தில்லி, கேரளம், புதுச்சேரி முதலிய பல இடங்களில் இத்தகைய கடைகள் எழுந்தன. விசிறி மடிப்புத் தலைப்பாகை அணிந்து காப்பி கொண்டுவரும் பணியாளர், அக்கடையின் பங்குதாரராகவும் இருப்பார். பரிமாறுபவரும் உரிமையாளரும் ஒருவரே என்னும் நிலை, காப்பிக்கடை வரலாற்றில் அரிய நிகழ்வு.

இவற்றுள் கட்டடத்தாலும் நினைவில் நிற்பது திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள கடை. தொடர்வண்டி நிலையத்திலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் செந்நிறச் சுருள்கோபுரமாக அது நிற்கிறது. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து, குறைந்த செலவில் அழகிய கட்டடங்களை உருவாக்கிய லாரி பேக்கரின் வடிவமைப்பு அது. உள்ளே மாடிப்படிகள் இல்லை. சங்கின் உட்புறம் போல ஒரே சாய்தளம் சுழன்று சுழன்று மேலேறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டுள்ளன. சுவர்த்துளைகளின் வழியே ஒளியும் காற்றும் வருகின்றன. மேல்தளம், கீழ்த்தளம் என்னும் பிரிவுக்கே அங்கு இடமில்லை. முதலில் காலியாக உள்ள இருக்கை எவருக்கும் உரியது.

உலகெங்கும் ஒரு மேசை

காப்பிக்கடை பேச்சின் களமாக விளங்குவது உலகப் பொதுவழக்கம். 17ஆம் நூற்றாண்டு இலண்டனில் ஒரு பென்னி கொடுத்துக் காப்பி வாங்கியவர், கடையில் கிடக்கும் செய்தித்தாள்களைப் படிக்கவும் அறிஞர் பேச்சைக் கேட்கவும் இயன்றது. ஆதலால், அக்கடைகளைப் ‘பென்னிப் பல்கலைக்கழகங்கள்’ என்றனர். அங்கு எழும் பேச்சுக்கு அஞ்சிய இரண்டாம் சார்லஸ் மன்னர், 1675ஆம் ஆண்டின் இறுதியில் காப்பிக்கடைகளை மூட ஆணையிட்டார். எதிர்ப்பு வலுத்ததால், அது நடைமுறைக்கு வருமுன்பே பின்வாங்கினார்.

எட்வர்டு லாயிட் என்பவர் நடத்திய காப்பிக்கடையில் மாலுமிகளும் கப்பல் உரிமையாளர்களும் கூடுவர். எந்தக் கப்பல் எங்கு உள்ளது, எந்தச் சரக்கு எப்போது வரும் என்னும் செய்திகள் அங்குப் பரிமாறப்பட்டன. அந்த மேசைப் பேச்சிலிருந்தே புகழ்பெற்ற ‘லாயிட்ஸ்’ கப்பல் காப்பீட்டுச் சந்தை வளர்ந்தது. துறைமுகத்தை ஒட்டிய கடையில் பிறக்கும் பேச்சு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இது சான்று. எண்ணூரிலும் இராயபுரத்திலும் உள்ள கடைகளில், ‘இன்று எந்தக் கப்பல்? எங்கே வேலை?’ என்று கேட்கும் தொழிலாளியின் பேச்சும் அத்தகையதே.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காப்பிக்கடைக்குக் ‘கோப்பித்தியாம்’ என்று பெயர். ‘கோப்பி’ மலாய்ச் சொல். ‘தியாம்’ என்பது கடையைக் குறிக்கும் சீன ஹொக்கியன் சொல். அங்கே ‘கோப்பி ஓ’ என்றால் பாலில்லாக் காப்பி வரும். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் அமர்வதைக் கடையின் பெயரே சொல்லிவிடுகிறது.

நிரம்பாத இருக்கை

இவ்வளவு பெருமையுடைய காப்பிக்கடைகளிலும் ஒரு குறை நெடுங்காலம் இருந்தது. இலண்டன் கடைகளில் பேசவும் படிக்கவும் கூடியவர்கள் பெரும்பாலும் ஆண்களே. நம் ஊர்த் தேநீர்க்கடைப் பலகைகளிலும் இன்றுவரை ஆண்களே மிகுதி. வடசென்னையில் மீன் விற்பவர், ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்பவர், துப்புரவுப் பணியாளர் எனப் பெண்களும் விடியலில் உழைக்கப் புறப்படுகின்றனர். அவர்களுள் பலர் தேநீரைத் தூக்கில் வாங்கிச் செல்கின்றனர். அல்லது சாலையோரம் நின்று அருந்திவிட்டுச் செல்கின்றனர். அவர்களைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை, பார்வைகளே தடுக்கின்றன.

அரசியலமைப்பின் 15ஆம் கூறு ‘சாதி’யோடு ‘பால்’ என்னும் சொல்லையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. சாதிப் பெயர்ப்பலகையை அகற்றிய சமூகம், இந்தக் கண்ணுக்குத் தெரியாத பலகையையும் அகற்ற வேண்டும். மாணவியர் கூட்டமாக வந்து மரப்பலகையில் அமர்ந்து, அன்றைய தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டே தேநீர் அருந்தும் காட்சி ஓர் ஊரில் வியப்பாகப் பார்க்கப்படாத நாளே அப்பலகை முழுமையாக நிரம்பிய நாள்.

நல்ல கடையைக் காண்பது எப்படி?

பயணத்தில் நல்ல காப்பிக்கடையைக் கண்டறிவதும் ஒரு கல்வி. கைப்பேசியில் உள்ள மதிப்பெண்கள் கடையின் பெயரைக் காட்டும்; கடையின் இயல்பைக் காட்டா. அதற்கு நம் கண்ணும் காதும் வேண்டும்.

முதலாவது, உள்ளூர் உழைப்பாளர்கள் எங்கு நிற்கின்றனர் என்று பார்க்க வேண்டும். நாள்தோறும் உழைத்த காசைக் கொடுப்பவர் தரமில்லாத கடைக்கு மறுமுறை செல்லமாட்டார். இரண்டாவது, குவளை கழுவும் நீரைப் பார்க்க வேண்டும். தூய்மை அங்கே தெரிந்துவிடும். மூன்றாவது, கடைக்காரர் முதியவரிடமும் சிறுவரிடமும் வெளியூராரிடமும் எப்படிப் பேசுகிறார் என்று கேட்க வேண்டும். நான்காவது, யார் அமர்ந்திருக்கின்றனர், யார் நிற்கின்றனர், யார் வரவேயில்லை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்தாவது, கடையில் சிறார் வேலை செய்கின்றனரா என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை குவளை கழுவினால், அந்தக் காப்பி எவ்வளவு சுவைத்தாலும் கசப்பே.

இவ்வைந்தையும் கண்டபின் அருந்தும் காப்பிக்குச் சுவை கூடும். அந்த ஊரின் உழைப்பு, மொழி, வழக்கம், குறை ஆகிய யாவும் அக்குவளையோடு நமக்கு அறிமுகமாகும். ஆற்றுப்படைப் புலவர் உணவின் வழியே நிலத்தைக் காட்டியதும் இவ்வாறே.

விம்கோ நகரின் மரப்பலகைக்கும் தம்பானூரின் சுருள்சாய்தளத்துக்கும் இடையே உள்ள தொலைவு பல நூறு கிலோமீட்டர். இரண்டையும் இணைப்பது, ‘வாருங்கள், அமருங்கள்’ என்னும் சொல். அச்சொல்லை எல்லாருக்கும் பொதுவாக்க முந்தைய தலைமுறையினர் உழைத்தனர். அதனைக் காப்பதும், இன்னும் அமராதவருக்கு இடம் விடுவதும் இந்தத் தலைமுறையின் கடமை.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் உள்ள நெடுங்காலத் தேநீர்க்கடை ஒன்றின் உரிமையாளரை நேர்காணல் செய்து, கடை தொடங்கிய சூழல், வாடிக்கையாளர், விலை மாற்றம் ஆகியவற்றைத் தொகுத்து எழுதுக.

2. உங்கள் ஊருக்கு வரும் பயணி ஒருவருக்கு நல்ல உணவுக்கடைகளை அறிமுகப்படுத்தும் வகையில் ‘இக்கால ஆற்றுப்படை’ ஒன்றை உரைநடையில் உருவாக்குக.

3. ‘பொது இடங்களில் பெண்களுக்கான இருக்கை’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. காப்பி, தேநீர் தொடர்பாக உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சொற்களைத் திரட்டி அகரவரிசைப்படுத்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட நூல்
அ) பெரும்பாணாற்றுப்படை
ஆ) சிறுபாணாற்றுப்படை
இ) பொருநராற்றுப்படை
ஈ) மலைபடுகடாம்

2. தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி புறப்பட்ட இடம்
அ) திருவொற்றியூர்
ஆ) எண்ணூர்
இ) இராயபுரம்
ஈ) வாலாஜா சாலை

3. சரியானவற்றைப் பொருத்துக.
அ) 1869 – 1) காப்பிக் கூட்டுறவுச் சங்கம், பெங்களூர்
ஆ) 1941 – 2) இலங்கையில் இலைத்துரு நோய்
இ) 1955 – 3) தொடர்வண்டி நிலைய உணவுச் சாலைகளில் பிரிவினை நீக்கம்
ஈ) 1957 – 4) தீண்டாமைக் குற்றச் சட்டம்

குறுவினா

1. விம்கோ நகர் – பெயர்க்காரணம் தருக.
2. இலண்டன் காப்பிக்கடைகளைப் ‘பென்னிப் பல்கலைக்கழகங்கள்’ என அழைத்தது ஏன்?
3. ‘கோப்பித்தியாம்’ என்னும் சொல்லின் அமைப்பை விளக்குக.

சிறுவினா

1. ‘பயிர் மாறியது, கொய்யும் கைகள் மாறவில்லை’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. பண்டைய பயணிக்கும் இன்றைய பயணிக்கும் உணவு பெறும் நிலையில் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. இந்தியன் காபி ஹவுஸ் தொழிலாளர் உடைமையான வரலாற்றைச் சுருக்கி வரைக.

நெடுவினா

1. ‘காப்பிக்கடையின் வரலாறு சமத்துவத்தின் வரலாறு’ – பாடப்பகுதிவழி நிறுவுக.
2. நீங்கள் பயணத்தில் கண்ட ஒரு காப்பிக்கடை அல்லது தேநீர்க்கடையை, பாடத்தில் கூறப்பட்ட ஐந்து நோக்குகளின் அடிப்படையில் ஆராய்ந்து கட்டுரை எழுதுக.